சப்வூஃபரை நாமே செய்துகொள்வது: இன்ச்சும் வாட்டும் சொல்லாத கணக்கு

தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே சேலத்திலும், ஹோம் தியேட்டரைக் கம்பெனிப் பெட்டியாக வாங்காமல் போர்டு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் என்று தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்துகொள்பவர்கள் உண்டு. தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் என்று வரும்போது அவர்கள் கடைக்காரரிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்: எத்தனை இன்ச், எத்தனை வாட். ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த பிறகு, கையில் மிச்சமிருக்கும் பலகைக்குத் தக்கபடி ஒரு பெட்டி அடிக்கப்படுகிறது. பாட்டைப் போட்டால் ஜன்னல் அதிர்கிறது. ஆனால் பேஸ் கிடார் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இறங்குவது காதில் விழுவதில்லை. எந்தப் பாட்டுக்கும் ஒரே "தொம்"தான். ஸ்பீக்கர் போதவில்லை என்று எண்ணி அடுத்த முறை பதினைந்து இன்ச் வாங்கினாலும் அதே "தொம்" கூடவே வருகிறது.

கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்றின் அளவில் இருக்கிறது. அந்தக் காற்று எத்தனை லிட்டர் என்பதைக் கணக்கிடாமல் செய்யும் சப்வூஃபருக்கு எவ்வளவு பணம் போட்டாலும் அது குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பிய வேலையே. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது, பலகையிலும் ஹாலிலும் அது எப்படி எதிரொலிக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சப்வூஃபர் பொறுப்பேற்கும் ஒலி

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பள்ளிப் பாடம். அதில் அடியில் உள்ள 20 முதல் 80 அல்லது 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டுமே சப்வூஃபரின் பொறுப்பு. நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாட்டில் கேட்பதற்கு அதிகம் இல்லை; சினிமாவின் இடியும் வெடியும்தான் அங்கே வாழ்கின்றன. எனவே பாட்டுக்காகவே செட் செய்பவர், 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் செலவும் இடமும் பாதியாகக் குறையும்.

இந்தத் தாழ்ந்த பகுதிக்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு.

1. அலைநீளம் மிகப் பெரியது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். 20 ஹெர்ட்ஸில் அது 17 மீட்டர். நம் ஹாலின் நீளத்தில் பாதி அலைகூட அடங்காமல் போகலாம்.
2. காது இங்கே மந்தமானது. 1000 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் அளவிலேயே கேட்கத் தொடங்கும் ஒலி, 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 78 டெசிபெலை எட்டிய பின்னரே செவிக்குத் தென்படுகிறது.

இன்ச் ஏன் பாதிச் செய்தி மட்டுமே

தாழ்ந்த ஒலியை எழுப்புவது என்றால் காற்றைத் தள்ளுவது. ஒலியின் உரப்பை மாற்றாமல் அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டுமானால் தள்ள வேண்டிய காற்று நான்கு மடங்காகிறது. ஸ்பீக்கர் தள்ளும் காற்று அதன் கூம்பின் பரப்பையும், அந்தக் கூம்பு தடுமாறாமல் முன்னும் பின்னும் நகரக்கூடிய தூரத்தையும் பெருக்கிக் கிடைப்பது. இன்ச் என்பது பரப்பை மட்டும் சொல்கிறது.

வீட்டு சப்வூஃபருக்கென்று செய்யப்பட்ட 12 இன்ச் ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு சுமார் 480 சதுர சென்டிமீட்டர். அது ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் 480 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். மேடை ஒலிபெருக்கிக்கான 15 இன்ச் ஸ்பீக்கரின் பரப்பு 855 சதுர சென்டிமீட்டர் அளவில் இருந்தாலும், நகர்வு 4 மில்லிமீட்டர் என்றால் கிடைப்பது 342 கன சென்டிமீட்டர்தான். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பேஸ் பாக்ஸ் நெஞ்சை உலுக்குகிறதே என்று கேட்கலாம். அந்த உலுக்கல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் நடப்பது. திறந்த வெளியில் குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் எழுப்புவதே அந்த ஸ்பீக்கர்களின் வேலை. அவற்றை ஹாலுக்குள் கொண்டுவந்து 30 ஹெர்ட்ஸ் கேட்பது அவற்றின் பிழையன்று.

480 கன சென்டிமீட்டரைத் தள்ளும் மூடிய பெட்டியைத் தரையில் வைத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 40 ஹெர்ட்ஸில் சுமார் 106 டெசிபெலும், 20 ஹெர்ட்ஸில் சுமார் 94 டெசிபெலும் கிடைக்கும். வீட்டுக்கு இது தாராளம்.

தரவுத்தாளில் தேட வேண்டிய நான்கு எண்கள்

ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் செய்து 1972, 1973 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளையும் ஒட்டி, ஸ்பீக்கரின் குணத்தைச் சில எண்களில் சொல்லிவிடும் முறை நிலைபெற்றது. தீல்–ஸ்மால் அளவுகள் எனப்படும் அவற்றில் பெட்டிக்கு இன்றியமையாதவை இவை.

1. எஃப்எஸ்: பெட்டி இல்லாமல் வெறும் காற்றில் ஸ்பீக்கர் தானே ஆட விரும்பும் அதிர்வெண்.
2. க்யூடிஎஸ்: அந்த ஆட்டத்தைக் காந்தமும், கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் நெகிழ்வான தொங்கலமைப்பும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதன் அளவு. எண் சிறியதானால் பிடி வலுவானது.
3. விஏஎஸ்: தொங்கலமைப்புக்கு உள்ள அதே விறைப்பைக் கொடுக்கும் காற்று எத்தனை லிட்டர் என்பது.
4. எக்ஸ்மேக்ஸ்: கூம்பு ஒலி சிதறாமல் ஒரு திசையில் நகரக்கூடிய தூரம்.

இந்த எண்கள் இல்லாமல் விற்கப்படும் ஸ்பீக்கரை வாங்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர், ஒரு ரெசிஸ்டரும் லேப்டாப்பும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் கொண்டு முதல் மூன்றையும் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். விஏஎஸ் காண்பதற்குக் கூம்பின்மேல் எடை தெரிந்த நாணயங்களை ஒட்டி மறுமுறை அளக்க வேண்டும். எக்ஸ்மேக்ஸ் இப்படிக் கிடைக்காது.

மூடிய பெட்டி

1954இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏஆர்-1 ஸ்பீக்கரில், கூம்பைத் திருப்பித் தள்ளும் வேலையை விறைப்பான தொங்கலமைப்பிடமிருந்து எடுத்து, மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் கொடுத்தார். இன்றைய மூடிய சப்வூஃபர்கள் எல்லாம் அந்த வழி வந்தவை. அடைபட்ட காற்று ஸ்பிரிங்காக வேலை செய்வதால், பெட்டி சிறியதாக ஆக ஸ்பிரிங் விறைக்கிறது. ஸ்பீக்கரின் ஆட்ட அதிர்வெண்ணும் க்யூவும் (பெட்டிக்குள் க்யூடிஎஸ் எவ்வளவாகிறது என்பது) மேலே ஏறுகின்றன.

எவ்வளவு ஏறும் என்பதற்கான சூத்திரம் எளியது. விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். கிடைக்கும் எண்ணால் எஃப்எஸ், க்யூடிஎஸ் இரண்டையும் பெருக்கினால் பெட்டிக்குள் அவை எவ்வளவாகின்றன என்பது தெரியும். பெட்டிக்குள் க்யூ 0.7 என்ற அளவில் நின்றால் ஒலி மேடில்லாமல், அதாவது ஓர் அதிர்வெண் மட்டும் துருத்திக்கொண்டு உரக்காமல், சமமாக இறங்கும்.

எடுத்துக்காட்டாக எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 90 லிட்டர் உள்ள ஒரு ஸ்பீக்கரைக் கொள்வோம். 61 லிட்டர் பெட்டியில் அதன் க்யூ 0.7, அதிர்வெண் 44 ஹெர்ட்ஸ். அதே ஸ்பீக்கரை 30 லிட்டரில் அடைத்தால் பெருக்கும் எண் சரியாக இரண்டாகி, க்யூ 0.9, அதிர்வெண் 56 ஹெர்ட்ஸ் என்றாகிறது. மேடு ஒரு டெசிபெலுக்கும் குறைவுதான். ஆனால் 40 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த ஆழம் கைநழுவிப் போகிறது.

இனி, காந்தம் சிறியதான ஒரு மலிவு ஸ்பீக்கரைப் பார்ப்போம். மற்ற எண்கள் அப்படியே இருக்க, க்யூடிஎஸ் மட்டும் 0.7. இதே 30 லிட்டர் பெட்டியில் அதன் க்யூ 1.4 ஆகிறது. 65 ஹெர்ட்ஸை ஒட்டி மூன்றரை டெசிபெல் உயரத்தில் ஒரு மேடு எழுகிறது. அந்த அதிர்வெண்ணில் கூம்பு, பாட்டு நின்ற பிறகும் சற்று நேரம் ஆடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாட்டுக்கும் ஒரே "தொம்" வருவதற்கான விளக்கத்தில் பாதி இதுதான். மீதி ஹாலில் இருக்கிறது; அதற்குப் பிறகு வருவோம்.

குழாய் வைத்த பெட்டி

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுவதைப் போல, குழாய் வைத்த பெட்டிக்கும் ஒரு சொந்தச் சுரம் உண்டு. பெட்டியின் கொள்ளளவு, குழாயின் விட்டம், அதன் நீளம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அந்த அதிர்வெண்ணில் கூம்பு ஏறக்குறைய ஓய்ந்து நிற்க, குழாய்க்குள் இருக்கும் காற்றே ஒலியைத் தருகிறது. அதனால் அதே ஸ்பீக்கரில், அதே மின்சாரத்தில், அடியில் கூடுதல் சத்தம் கிடைக்கிறது.

85 லிட்டர் பெட்டியை 28 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்ப்பதாகக் கொள்வோம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நான்கு இன்ச் பிவிசி பைப்பின் உள்விட்டம் 10.4 சென்டிமீட்டர் என்றால், தேவைப்படும் நீளம் சுமார் 31 சென்டிமீட்டர். உள்விட்டம் 7 சென்டிமீட்டர் உள்ள பைப்புக்கு 12 சென்டிமீட்டரே போதும். இது வசதியாகத் தோன்றும். ஆனால் அதே அளவு காற்று சிறிய வாயில் பாயும்போது வேகம் எகிறி, "புஸ் புஸ்" என்ற இரைச்சல் பாட்டோடு கலக்கும். குழாயில் காற்றின் வேகம் வினாடிக்கு 17 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மறுபக்கம், 15 சென்டிமீட்டர் உள்விட்டம் என்றால் நீளம் 69 சென்டிமீட்டராகி, குழாய் பெட்டிக்குள் நுழையவே முழங்கை மடிப்புகள் தேவைப்படும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சுருதி அதிர்வெண்ணுக்குக் கீழே பெட்டிக் காற்று ஸ்பிரிங்காக நிற்பதில்லை. குழாய் வழியே நழுவிவிடுகிறது. 20 ஹெர்ட்ஸ் வெடிச்சத்தம் ஒன்று வந்தால் கூம்பு தடையின்றி எக்ஸ்மேக்ஸைத் தாண்டி ஓடி, அதை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் அடிவாங்கக்கூடும். அடி அதிர்வெண்களை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் ஆம்ப்ளிஃபையரில் இல்லாதவர் இந்தப் பெட்டியைத் தொடாமல் இருப்பது மேல். ஒலி இறங்கும் விதமும் வேறு: மூடிய பெட்டியில் அதிர்வெண் பாதியாகும்போது 12 டெசிபெல் குறைகிறது, குழாய்ப் பெட்டியில் 24.

முதல் முறை செய்பவருக்கு மூடிய பெட்டியே ஏற்றது. தச்சு வேலையில் இரண்டு மூன்று லிட்டர் பிசகினாலும் அது மன்னித்துவிடும்.

பலகையும் தச்சு வேலையும்

61 லிட்டர் என்பது காற்றுக்கான இடம் மட்டும். ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே கொடுக்கும் குறுக்குச் சட்டங்களும் அடைத்துக்கொள்ளும் ஐந்து லிட்டரையும் சேர்த்து 66 லிட்டர் வேண்டும். 42 × 42 × 37.5 சென்டிமீட்டர் உள்ளளவு அதைத் தரும். தச்சரிடம் இந்த மூன்று எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், பீரோவும் அலமாரியும் செய்து பழகிய கை அவற்றை வெளியளவாகவே எடுத்துக்கொள்ளும். 18 மில்லிமீட்டர் பலகையில் அப்படிச் செய்த பெட்டியின் உள்ளே மிஞ்சுவது 50 லிட்டர்தான். கால் பங்கு காற்று பலகையின் தடிமனுக்குள் போய்விட்டது. சீட்டில் "உள்ளளவு" என்று பெரிதாக எழுதி, 45.6 × 45.6 × 41.1 என்ற வெளியளவையும் பக்கத்திலேயே குறிப்பது பாதுகாப்பானது. எட்டுக்கு நான்கு அடி ஷீட்டில் பரப்பளவில் ஏறக்குறைய பாதி செலவாகும். ஸ்பீக்கர் பொருந்தும் முன்பலகையை இரட்டையாக ஒட்டுவதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

பெட்டியின் நீள அகல உயரங்கள் ஒரு குறிப்பிட்ட "பொன் விகிதத்தில்" இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சப்வூஃபருக்கு அது தேவையற்றது. 45 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரொலி கட்டுவது 380 ஹெர்ட்ஸுக்கு மேல். 80 ஹெர்ட்ஸோடு நிறுத்தப்படும் சப்வூஃபர் அதைத் தொடுவதே இல்லை.

மூட்டுகளில் ஃபெவிகால் தடவி ஸ்குரு முடுக்கிய பின், உள் விளிம்புகளில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்த பூச்சையோ சிலிகானையோ இழுத்துவிட வேண்டும். கசிவு உண்டா என்று பார்க்க, 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு மூட்டுகளின் அருகே ஊதுபத்தியைப் பிடித்தால் போதும். புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. உள்ளே பஞ்சு நிரப்பினால் பெட்டி சற்றுப் பெரிய பெட்டி போல நடந்துகொள்ளும். நடைமுறையில் 10 முதல் 20 விழுக்காடு வரை. இலவம் பஞ்சு நாளடைவில் அடியில் படிந்துவிடும் என்பதால் தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு மேலானது.

சேலத்து வறண்ட வெயிலில், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை நன்றாகவே நிற்கும். அதன் எடையும் சீரான உள்ளமைப்பும் சாதகமானவை. ஏற்காட்டில் அது சரிப்படாது. மாதக்கணக்கில் மூடுபனி உட்புகும் வீட்டில் எம்டிஎஃப்பின் வெட்டுவிளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஸ்குரு பிடி தளரும். அங்கே, ஈரம் தாங்கும் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 710 முத்திரையுள்ள மெரைன் ப்ளைவுட்டே தகும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று முழுப்பலகையில் செய்ய நினைப்பவரும் உண்டு. முழுமரம் மழையில் விரிந்து கோடையில் சுருங்கும். ஓரிரு பருவம் கடந்தால் மூட்டு விட்டுக்கொடுத்துக் காற்று கசியும்.

மலையேறினால் கணக்கு மாறுமா

மாறும், ஆனால் சிறிதே. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1500 மீட்டரிலும் உள்ளன. மேலே காற்றழுத்தம் 13, 14 விழுக்காடு குறைவாதலால், பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்கும் அதே அளவு தளர்கிறது. மேலே கண்ட 61 லிட்டர் பெட்டியின் 44 ஹெர்ட்ஸ் அங்கே 42 ஹெர்ட்ஸாக இறங்கும். காற்று அடர்த்தி குறைவதால் ஒலி ஒரு டெசிபெல் அளவு குறையும். பெட்டியை மாற்றி அடிக்க இது காரணமாகாது. ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுவதே நியாயம்.

வாட்: டிரான்ஸ்பார்மரைப் பார்த்துச் சொல்லுங்கள்

பெட்டியின்மேல் அச்சிடப்படும் பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) வாட்டுக்கு எந்தப் பொதுத் தர அளவுகோலும் கிடையாது. அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகலாம். அசெம்பிள் செட்டில் உண்மையைச் சொல்வது டிரான்ஸ்பார்மர். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரால் தொடர்ந்து கொடுக்க முடிந்த உச்சம் 240 வோல்ட்-ஆம்பியர். அதிலிருந்து 1000 வாட் ஒலி வர வழியே இல்லை. டயோடுகளைக் கடந்தபின் இது இருபுறமும் 33 வோல்ட் அளவு டிசி தரும். 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு அதைக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட்டை ஒட்டிக் கொடுக்கும்.

அந்த 100 வாட் போதுமா என்றால், மேற்சொன்ன 12 இன்ச் ஸ்பீக்கரை 40 ஹெர்ட்ஸில் அதன் நகர்வு எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த அது போதும். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. சித்திரை வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வாய்ஸ் காயிலின் செம்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை 39 விழுக்காடு கூடுகிறது, ஆம்ப்ளிஃபையரிலிருந்து இழுக்கும் மின்சாரம் குறைகிறது. மூடிய பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரையும் வைத்தால் இரண்டு சூடும் ஒன்று சேரும் என்பதால் அதை வெளியே தனிக் கேபினெட்டில் வைப்பது நல்லது.

ஹால்தான் கடைசி ஸ்பீக்கர்

செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் உள்ள நம் ஹால் தாழ்ந்த ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்புகிறது. இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் பாதி அலைக்குச் சமமாகும் அதிர்வெண்ணில் ஒலி அங்கேயே தேங்கி நிற்கும். 14 × 12 அடி ஹால், 10 அடி உயரம் என்றால் அந்த அதிர்வெண்கள் முறையே 41, 48, 57 ஹெர்ட்ஸ். "தொம்"மின் மறுபாதி இங்கிருந்து வருகிறது. பெட்டியின் 65 ஹெர்ட்ஸ் மேட்டுக்குக் கீழேயே இந்த மூன்றும் வரிசைகட்டி நின்றால், பேஸ் கிடாரின் பாதிச் சுரங்கள் முழங்கும், மீதி காணாமல் போகும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு இடம் மாற்றுவது.

1. உட்கார்ந்து கேட்கும் இடத்தில், நாற்காலியை எடுத்துவிட்டுச் சப்வூஃபரை வையுங்கள்.
2. பேஸ் நடமாட்டம் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, பெட்டி வைக்க வாய்ப்புள்ள ஒவ்வோர் இடத்திலும் தரையோடு குனிந்து கேளுங்கள்.
3. எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே உரப்பில் கேட்கும் இடத்துக்குப் பெட்டியை மாற்றுங்கள். மூலையில் சத்தம் அதிகம் கிடைக்கும். சீர்மை பெரும்பாலும் மூலையிலிருந்து சற்று விலகியே கிடைக்கும்.
4. மேல் அதிர்வெண்களை வெட்டும் லோபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தி, கூம்பின் ஆட்டத்தை முன்பின்னாகத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை இருநிலையிலும் மாற்றிப் பார்த்து, பேஸ் நிறைவாகக் கேட்கும் நிலையில் விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் "கிர்ர்" என்று கேட்டால் ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம். இரும்பு பீரோவின் கதவும், ஷோகேஸ் கண்ணாடியும், அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளும் முதல் சந்தேகத்துக்குரியவை.

பொதுச்சுவரும் டெசிபெல் மீட்டரும்

ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்-ஏ என்பது வரம்பு. இதிலுள்ள "ஏ" என்ற எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. காது மந்தமாக இருக்கும் பகுதிகளைக் கழித்துக் காட்டும் அளவுமுறை அது. 40 ஹெர்ட்ஸில் அது கழிப்பது 34.6 டெசிபெல். எனவே சப்வூஃபர் எழுப்பும் 80 டெசிபெல் ஒலி, மீட்டரில் 45 என்று அமைதியாகத் தெரியும். குகை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் ஒட்டிக் கட்டிய வீடுகளில், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் நெஞ்சிலும் கட்டிலிலும் அதை உணர்வார். போன் செயலியில் எடுத்த அளவைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. பெட்டிக்கு அடியில் ரப்பர் வைப்பது தரைவழி அதிர்வை ஓரளவு தடுக்கும். காற்றுவழி போகும் 40 ஹெர்ட்ஸை ஒன்பது இன்ச் சுவர்கூட முழுதாக நிறுத்துவதில்லை. பொதுச்சுவரை ஒட்டிய மூலையில் பெட்டியை வைக்காமல் இருப்பதும், இரவில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸை ஒரு சுவிட்சில் போட்டுக்கொள்வதும்தான் வேலைக்காகும் வழிகள்; இரண்டையும் பெட்டி அடிக்கும் முன்பே திட்டத்தில் சேர்த்துவிடலாம்.